சிம் துளையில் சந்தனம்

அமெரிக்காவிலிருந்து வந்த போன் என்றாலே லாக் ஆகித்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கடைக்காரர்களுக்கு ஒரு கோவில் கட்டலாம் என்றிருக்கிறேன். என் வீட்டில் இத்தனை வருஷம் அடுப்பு எரிந்ததில் பாதி அவர்கள் புண்ணியம். அவர்கள் 'லாக்' என்று சொல்லி விரட்டுவார்கள். அதே ஆள் என்னிடம் வருவார், நான் போனை நன்றாகத் துடைத்துக் கொடுத்து நல்ல பேர் வாங்கிக்கொள்வேன். கடையை மூடியாயிற்று, இனி இதைச் சொல்வதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

புதிதாக சர்வீஸ் கடை போட்டிருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். எந்த ஐசியை எவ்வளவு சூட்டில் கழற்றுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை வீடியோவில் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பின்னால் பாட்டு வேறு போடுகிறார்கள். ஆனால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற மனுஷனை என்ன செய்வது என்று ஒரு வீடியோவும் சொல்வதில்லை. நான் மாட்டிக்கொண்டு முழித்ததெல்லாம் அங்கேதான்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காஞ்சிபுரத்தில் செவிலிமேடு போகிற சாலையில் கடை வைத்திருந்தேன். ஊரில் எனக்கு 'மொபைல் அக்கா' என்று பேர். ஆரம்பத்தில் வருகிறவர்கள் எல்லாம் என்னை ஒரு பார்வை, எனக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரிப்பேர் பண்றவரு எப்பம்மா வருவாரு?" என்பார்கள். "அவரு இன்னும் பொறக்கலப்பா, நீ போனக் குடு" என்பேன்.

லாக் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளிநாட்டில் ஒரு நெட்வொர்க் கம்பெனி தவணைக்கு போன் கொடுக்கும். தன் சிம்மை மட்டும் ஏற்கிற மாதிரி அதைப் பூட்டி வைத்திருக்கும். நாம் இங்கே வேறு சிம்மைப் போட்டால் கோடு, அதாவது திறக்கிற ரகசிய நம்பர், கேட்கும். அந்தக் கோடு பூட்டிய கம்பெனியிடம்தான் இருக்கும். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஒரு ஜவுளிக்கடை முதலாளி என் கண்ணெதிரிலேயே தன் பைக் நம்பரைத் தட்டினார். ஆகவில்லை. மகள் பிறந்த தேதியைத் தட்டினார். அதுவும் ஆகவில்லை என்றதும் கல்யாண தேதியைப் போட்டார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி எட்டிப் பார்த்து, "அது உங்க தங்கச்சி கல்யாண தேதி" என்றார்.

"அண்ணா, கடலுக்கு அந்தாண்ட இருக்கிற கம்பெனிக்காரனுக்கு உங்க வண்டி நம்பர் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை. சில போன்கள் ஓர் அளவுக்குத்தான் பொறுத்துக்கொள்ளும். அதற்குமேல் தப்பாகத் தட்டினால், பிறகு சரியான கோடு நம்பரையே கொண்டுவந்து கொடுத்தாலும் திரும்பிப் பார்க்காது. அன்று அது அப்படித்தான் போய்ச்சேர்ந்தது. அவர் வீட்டில் எப்போது பேச்சுவார்த்தை திரும்பியது என்று எனக்குத் தெரியாது.

இன்னொரு ரகம் உண்டு. கம்பெனியிடம் கெஞ்சிக் கூத்தாடி சரியான கோடு நம்பரை வாங்கிவிடுவார்கள். தட்டட்டுமா என்று கேட்டால், "ராகு காலம் போவட்டும்மா" என்பார்கள். நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சென்னையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தார். திட்டாமல் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றமாட்டார். அவர் சொன்னதில் திட்டையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது இரண்டு விஷயம். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படி, கொண்டுவந்தவன் சொல்வதை அப்புறம் கேள். சரிசெய்த போனில் அவன் கையாலேயே ஒரு கால் போட்டுப் பேசவைத்துவிட்டுத்தான் வெளியே அனுப்பு. முதலாவதை முக்கால்வாசிக் கடைகளில் மறந்துவிட்டார்கள். இரண்டாவது என்னை ஒரு கல்யாண விவகாரத்தில் கொண்டுபோய்ச் செருகியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு சாயங்காலம் கடைக்கு மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் பேர் குமரேசன், பிள்ளையார்பாளையத்தில் ஜரிகை வியாபாரம். நூலை விரலில் உருட்டியே அசலா போலியா என்று சொல்லிவிடுகிற ஆள். ஆட்களையும் அப்படியே உருட்டிப் பார்ப்பார். பின்னால் அவருடைய தங்கை மல்லிகா, வீட்டில் பட்டுத் தறி ஓடுகிறது. அவருக்கும் பின்னால், கடைக்குள் வரவே இஷ்டமில்லாதவள்போல், மல்லிகாவின் மகள் பவித்ரா.

குமரேசன் போனை கவுன்ட்டரில் வைத்தார். மேலே கண்ணாடியின் நாலு மூலையிலும் சந்தனம் வைத்துத் துடைத்த தடம். கேமராவுக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

"இது லாக்கா, இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லும்மா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைல ஒருத்தன் லாக்னு சொல்லிட்டான். நீயும் சொல்லிட்டினா நான் இப்பிடியே போயி நிச்சயத்த நிறுத்திடுவேன்."

"போனுக்கும் நிச்சயத்துக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்டேன்.

சம்பந்தம் இருந்தது. பவித்ராவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். சரவணன் என்று பேர், அடுத்த தெருக்காரன்தான், அமெரிக்காவில் வேலை. அவனுடைய அம்மா ஜெகதாம்பா மட்டும் இங்கே இருக்கிறார். வெள்ளிக்கிழமை வெற்றிலைபாக்கு மாற்றுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் அவன் பெண்ணுக்கென்று நண்பன் ஒருவன் மூலமாக ஒரு புது போன் கொடுத்தனுப்பியிருந்தான். பட்டுத் தறி வாங்கினால் என்னென்ன செய்வார்களோ அத்தனையையும் இவர்கள் போனுக்குச் செய்திருக்கிறார்கள். சாமி படத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்க வைத்து, காலையில் நல்ல நேரம் பார்த்து சிம்மைப் போட்டிருக்கிறார்கள். சிக்னல் வரவில்லை.

"லாக்னா இன்னா அர்த்தம்?" என்றார் குமரேசன். "தவணை கட்டல, இல்லாங்காட்டி எவனோ தூக்கிப் போட்டத வாங்கி அனுப்பிக்கிறான். பழசப் புதுசுன்னு டப்பால போட்டு அனுப்புறவன் சொல்ற வேலை மட்டும் நெசமா இருக்குமா? சம்பளம் நெசமா இருக்குமா?"

"அண்ணா, கொஞ்சம் சும்மா இரேன்" என்றார் மல்லிகா. "தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்துட்ட. அந்தம்மா பாவம், வெளியில தலை காட்ட முடியாம உள்ளயே இருக்குது."

பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் பாத்து நல்லதா சொல்லும்மா" என்றார். டாக்டரிடம் கேட்கிற மாதிரி கேட்டார். அவருக்கு இந்தக் கல்யாணம் நடக்கவேண்டும். அது முகத்திலேயே எழுதியிருந்தது. தன் பயத்தைப் போக்கவோ என்னவோ, "எம் பொண்ணும் போன் கம்பெனிதான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். பஸ்ஸு வூட்டாண்டயே வந்து ஏத்திக்கினு போவுது" என்று சொன்னார்.

"அங்க இன்னா வேலைம்மா?" என்று பெண்ணிடம் கேட்டேன்.

"டெஸ்டிங்" என்றாள், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

சரி, திரையைப் படிப்போம் என்று போனை எடுத்தேன். 'சிம் இல்லை' என்று எழுதியிருந்தது.

பிள்ளைகளே, இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். பூட்டிய போன் சிம்மைப் படிக்கும். யார் நீ, எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, உனக்கு இங்கே இடமில்லை, கோடு இருந்தால் கொடு என்று சொல்லும். இந்த போன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்கு ஆளே வரவில்லை என்றது. இரண்டும் வேறுவேறு பேச்சு. பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர் அமெரிக்கா என்ற சொல்லைக் கேட்டதும் படிப்பதை நிறுத்திவிட்டார்.

என் சிம்மைப் போட்டுப் பார்த்தேன். அதே பதில். ட்ரேயை இழுத்துவிட்டு, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துளைக்குள் விளக்கை அடித்தேன். மஞ்சளாக இருந்தது. கொஞ்சம் முகர்ந்தும் பார்த்தேன். சந்தனம், அதுவும் நல்ல சந்தனம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பூசை போட்ட போன்கள் எனக்குப் புதிதில்லை. சார்ஜ் போடுகிற ஓட்டையில் குங்குமம், ஸ்பீக்கரில் விபூதி, ஒரு முறை எலுமிச்சம்பழச் சாறுகூடப் பார்த்திருக்கிறேன். 'யோவ், உங்க பக்திதான் லாக்கு' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் திரும்பவும் ஒரு முறை உள்ளே பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மேலே பொட்டு வைத்தால் சந்தனம் துளையின் விளிம்பில்தான் இருக்கும். விளிம்பு சுத்தமாக இருந்தது. ட்ரேயும் சுத்தமாக இருந்தது. உள்ளே ஆழத்தில், சிம்மைத் தொடுகிற கம்பிகள் இருக்கிற இடத்தில் மட்டும், அளவாக, அழகாக அப்பியிருந்தது. ஊசி போட்டு ட்ரேயை இழுத்து, குச்சியால் தள்ளினால் ஒழிய சந்தனம் அங்கே போகாது. கம்பிகள் எங்கே இருக்கும் என்று தெரியாதவர்களால் அப்படி வைக்கவும் முடியாது.

நிமிர்ந்து பார்த்தேன். பவித்ரா மின்விசிறியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேட்டர்ன் போடணும், இப்பிடி வா கண்ணு" என்று அவளை மட்டும் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே கூப்பிட்டேன். வந்தாள். பேட்டர்ன் போடவில்லை. குனிந்து, உதடு அசையாமல் பேசினாள்.

"அக்கா, லாக்னே சொல்லிடுங்க."

"டெஸ்டிங்ல நீ எந்த டெஸ்டிங்?"

"சிம் ட்ரே."

எனக்கு இதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. "அந்தப் பையன் இன்னா தப்பு பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. நல்லவருதான். போன்ல மரியாதையாத்தான் பேசுவாரு."

"பின்ன?"

"அங்க போனா எனக்கு வேலை செய்ய பர்மிட் கிடையாதாம். வூட்ல இருந்துக்கினு டிவி பாக்கலாம்னாரு. எனக்கு இங்க லைன் லீடருக்குப் பேரு வந்திருக்குதுக்கா. நாப்பது பேரு என் கைக்குக் கீழ. அம்மாகிட்ட சொன்னேன், அமெரிக்காவ வேணாம்னு சொல்றவள இப்பதான் பாக்கறேன்னு அழுவுது. மாமாகிட்ட சொல்ல பயம். மாமாவே நிறுத்திட்டாருன்னா யாரும் என்ன ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

கெட்டிக்காரி. மாமாவின் சுபாவம் அவளுக்கு அத்துப்படி. நூலில் ஒரு பிசிறு கண்ணில் பட்டால் போதும், மாமா சேலையையே கிழித்துவிடுவார். அந்தப் பிசிறை இவள் தயார் செய்து கொடுத்திருக்கிறாள்.

தடுப்புக்கு வெளியிலிருந்து குமரேசன் கண்ணாடியைத் தட்டினார். "இன்னாம்மா ஆச்சு? லாக்குதானே?"

அந்த நிமிஷத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். மாமாவுக்கு 'லாக்' என்ற வார்த்தை வேண்டும். பெண்ணுக்கும் அதே வார்த்தை வேண்டும். நான் அதைச் சொன்னால் ஒரு பெண் தப்பித்தாள். மனசு அவள் பக்கம்தான் ஓடியது, அதை மறைக்கமாட்டேன். அந்த வயசில் எனக்கு யாராவது ஒரு பொய் சொல்லி உதவியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஆனால் அடுத்த தெருவில் ஒரு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் அவர் மகன் இந்த ஊரைப் பொறுத்தவரை ஏமாற்றுக்காரன்தான். ஊர் அதை மறக்காது. அடுத்து எந்தப் பெண்ணைக் கேட்டுப் போனாலும் இந்த போன் அவனுக்கு முன்னால் அங்கே போய் நிற்கும்.

வாடிக்கையாளர் கேட்கிற நோயை போனுக்குச் சொல்கிற கடைகள் இருக்கின்றன. இன்ஷூரன்ஸுக்காக, புது போன் வாங்க அப்பாவிடம் காசு கேட்பதற்காக, எதையெதையோ எழுதித்தரச் சொல்வார்கள். நான் ஒருநாளும் செய்ததில்லை. ரொம்ப யோக்கியம் என்றில்லை. ஒரு முறை சொல்லிவிட்டால் அப்புறம் நான் உண்மையைச் சொல்லும்போதும் ஒருவரும் நம்பமாட்டார்கள், கடை படுத்துவிடும்.

மெல்லிய பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க ஆரம்பித்தேன். பவித்ராவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. "அக்கா" என்றாள். நான் நிமிரவில்லை. சந்தனம் கரைந்து வந்தது. சிம்மைப் போட்டேன். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறி நின்றன.

வெளியே வந்து சொன்னேன். "லாக் இல்லீங்க. புது போன், நல்ல போன். சிம் போற வழியில சந்தனம் அடைச்சிக்கினு இருந்தது."

மல்லிகா கையெடுத்து மேலே கும்பிட்டார். குமரேசனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "சந்தனமா?"

"யாரு பொட்டு வெச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான் வெச்சேன்" என்றார், குரல் இறங்கி. "மேலதானே வெச்சேன்?"

அவர் என்னிடம் உள்ளே எப்படிப் போனது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போன் பவித்ராவுடையது. அதற்குள் யார் என்ன வைத்தார்கள் என்பதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம். இதில் மட்டும் நான் அவள் பக்கம் நின்றேன்.

"டெஸ்ட் கால் பாக்கி இருக்குது" என்றேன். "உள்ள சிக்னல் சரியா தெரியாது. பொண்ணு வெளிய வந்து பேசட்டும். நீங்க உக்காருங்க, சந்தனம் படாம எப்பிடிப் பூசை போடறதுன்னு வந்து சொல்றேன்."

பக்கத்துக் கடை நிழலில் அவளை நிறுத்தினேன். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. "நல்லது பண்ணீங்கக்கா" என்றாள்.

"இன்னும் முடியல. யாருக்கு வேணா போடு. ஆனா வாங்கிக் குடுத்த ஆளுக்குப் போட்டாத்தான் மொற. அங்க இப்ப காலைல எழுந்து காபி குடிச்சிக்கினு இருப்பாரு. வேணும்னா கட்டிக்கறேன்னு சொல்லு. வேணாம்னா வேணாம்னு சொல்லு. நீ சொல்லணும், சந்தனம் சொல்லக் கூடாது."

"மாமா கொன்னுடுவாரு."

"மாமா உள்ள, தான் வெச்ச பொட்டு எப்பிடி உள்ள பூந்துச்சுன்னு யோசிச்சிக்கினு இருக்காரு. இத விட்டா உனக்கு நேரம் கிடைக்காது."

போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நம்பரைப் போட்டாள். ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்ததால் அதைப் போட்டது நான். ஒட்டுக்கேட்பதற்காக இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை, விடுங்கள்.

"ஹலோ, பவித்ராவா? சிம் எடுத்துடுச்சா?" என்றது அந்தப் பக்கம். சந்தோஷமான குரல். எனக்கே சங்கடமாகப் போய்விட்டது.

"எடுத்துடுச்சுங்க. நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு அங்க வர இஷ்டமில்லைங்க. நீங்க நல்லவருதான். எனக்கு வேலை வேணும்." நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொன்னாள்.

நான் சிக்னலைப் பார்த்தேன், சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றான் கடைசியில். "சரி. நான் அம்மாகிட்ட சொல்லிக்கறேன். ஒரே ஒரு உதவி பண்ணுங்க. போன் லாக் இல்லைனு உங்க மாமாவ எங்க தெருவுல சொல்லச் சொல்லுங்க. அம்மா பால் வாங்கக்கூட வெளிய போவலையாம்."

பவித்ரா போனை என் கையில் திணித்தாள்.

உள்ளே போய் அம்மாவிடமும் மாமாவிடமும் சொன்னாள், கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்று. அதற்குப் பிறகு என் கடையில் நடந்ததைப் பார்க்கச் சாலையில் போன ஆட்டோ இரண்டு நின்றன. மல்லிகா ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். குமரேசன் என்னைப் பார்த்து, "சிம்மு போட்டுக் குடுக்கச் சொன்னா குடும்பத்தையே கழட்டிப் போட்டுட்டியேம்மா! இது கடையா, கோர்ட்டா?" என்று கத்தினார். நான் கூலியைக் கேட்கவில்லை. எனக்கும் புத்தி உண்டு.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து நெற்றி நிறைய விபூதியோடு ஒரு அம்மா வந்தார். கையில் அதே போன், அதே டப்பாவில். பெண் வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜெகதாம்பா இவர்தான் என்று சொல்லாமலே தெரிந்தது.

"நீதானே இத தொறந்தவ?"

"தொறக்கலம்மா. இது பூட்டவே இல்ல."

"அத எங்க தெருவுல வந்து சொல்லு. அந்தக் குமரேசன் தெருத்தெருவாப் போயி லாக்கு லாக்குன்னு சொன்னான். இல்லைன்னு ஆனதும் வாயத் தொறக்கல. பொண்ணு வூட்டுல கல்யாணத்த நிறுத்தினதுக்கும் எம் புள்ளையோட டுபாக்கூர் போனுதான் காரணம்னு பேசிக்கறாங்க."

"நான் வந்து சொன்னா நம்புவாங்களா?"

"உன்ன எவன் நம்புவான்? இந்த போன் பேசினா நம்புவாங்க. நாளைக்குக் காலைல பாவு போடறாங்க. வந்துரு."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்ணையும் மாப்பிள்ளை வீட்டையும் காப்பாற்றிவிட்டதாக நான் மெத்தனமாக இருந்தேன். இவர் இன்னும் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

பிள்ளையார்பாளையத்தில் விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டிப் பாவு போடுவார்கள். ஒரு வீட்டுப் பாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கை கொடுப்பார்கள், அதனால் தெருவே வெளியில் நிற்கும். குமரேசனும் ஒரு முனையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெகதாம்பா நடுத்தெருவில் நின்று, தன் சிம்மை என் கையால் போடச் சொல்லி, போனைத் தூக்கிப் பிடித்து மகனுக்கு வீடியோ கால் போட்டார்.

"டேய் சரவணா, நீ அனுப்புன போன்லேந்துதான் பேசறேன். கேக்குதா?"

"கேக்குதும்மா. ஏன் இப்பிடி கத்தற?"

"நீயும் கத்து."

நூலைப் பிடித்திருந்தவர்கள் நூலைப் பார்ப்பதுபோல் காதை இங்கே வைத்திருந்தார்கள். நான் முன்னால் போய், லாக் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்று சொன்னேன். ஒரு பெரியவர் நூலிலிருந்து கையை எடுக்காமலே, "ரிப்பேருக்குப் போயிட்டுத்தானே வந்துக்குது. காசு குடுத்துத் தொறந்திருப்பாங்க" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெகதாம்பா தூக்கிப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது. திரையில் சரவணன் தலைகீழாகத் தெரிந்தான். எனக்கு அழுகை வரும்போல் ஆகிவிட்டது. என் தொழிலில் அத்தனை நன்றாக வேலை செய்த போன் அத்தனை பிரயோசனமில்லாமல் போய் நான் பார்த்ததில்லை.

தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. நைட் ஷிப்ட் முடித்து நாலைந்து பெண்கள் இறங்கினார்கள். அதில் பவித்ராவும் இருந்தாள், கழுத்தில் அடையாள அட்டையோடு. அவள் வீட்டுக்கு இந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். எங்களைப் பார்த்ததும் நின்றாள். பெரியவர் சொன்னதையே இன்னொருவர் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போயிருந்தாலும் நான் அவளைக் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

நீட்டியிருந்த பாவு தடுக்காமல் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள்.

"யாரும் தொறக்கல" என்றாள். "அது பூட்டவே இல்ல. சிம்மு போடற ஓட்டையில நான்தான் சந்தனத்த வெச்சு அடைச்சேன். மாமா வெச்ச பொட்டு இல்ல, நான் குச்சியால உள்ள வெச்சது. எனக்குக் கல்யாணம் வேணாம்னு சொல்ல தைரியமில்ல, பழிய மாப்ள மேல போட்டுட்டேன். அவரு மேலயோ போன் மேலயோ ஒரு கொறையும் இல்ல."

குமரேசன் கையிலிருந்த நூலை விட்டுவிட்டார். பாவு ஒரு பக்கம் தொய்ந்தது, யாரோ ஓடிப்போய்ப் பிடித்தார்கள். அந்தப் பெண் நூல் பிடித்தவர்களைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்க்கவில்லை, ஜெகதாம்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்பதுபோல் நின்றாள்.

ஜெகதாம்பா அவளை அடிக்கவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. மேலேயும் கீழேயும் ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு வாரம் வாசலுக்கு வரலடீ நானு" என்றார். அவ்வளவுதான். பிறகு போனைத் திரும்பத் தூக்கிப் பிடித்தார்.

"டேய், கேட்டியா?"

"கேட்டேம்மா."

"சத்தமா சொல்லுடா. பாவு போடறவங்களுக்குக் கேக்கணும்."

"கேட்டேன்!" என்றான் அமெரிக்காவிலிருந்து. தெருவின் அந்த முனை வரைக்கும் கேட்டது.

பவித்ரா இப்போது லைன் லீடர். அவள் அம்மா இன்னும் அவளிடம் சரியாகப் பேசுவதில்லை, ஆனால் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். அந்தப் பெண் சம்மதித்த பிறகுதான் இதை உங்களுக்கு எழுதினேன். குமரேசன் அதற்கப்புறம் என் கடைப் பக்கம் வந்ததே இல்லை. புது போன் வாங்கினாராம், அதன் மேல் வைக்காமல் டப்பா மேல் பொட்டு வைத்தாராம்.

ஜெகதாம்பா அந்த போனைத்தான் வைத்திருக்கிறார். தினம் காலையில், பாவு போடுகிற நேரமாகப் பார்த்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மகனோடு ஸ்பீக்கரில் பேசுகிறார்.